பலகையிற் பயிலும் பாறையேற்றம்

பாறை ஏறக் கற்பதற்குப் பாறை வேண்டும் என்பது எவருக்கும் எளிதில் விளங்கும். ஆயினும், கடினமான பாறைகளை வென்ற வீரருட் பலர், தம் விரல்களின் வலிமை முழுவதையும் பாறையிலே பெற்றாரல்லர். மழை பெய்யும் மாலைகளில், வீட்டு நிலவறையிலோ மோட்டார்க் கொட்டகையிலோ சாய்த்து நிறுத்தப்பட்ட ஒரு மரப்பலகையிலேயே அதன் பெரும்பகுதியைப் பெற்றனர். எட்டடி நீளமும், நிரைநிரையாய்த் துளைகளும், துளைகளிற் பொருத்திய மரத்துண்டுகளும் உடைய அப்பலகை, காண்போர் கண்ணுக்கு முற்றுப்பெறாத தச்சுவேலை போலத் தோன்றும். அஃது எவ்வாறு தோன்றியது, அதனை அமைக்கும் முறை யாது, அதனால் விளையும் நன்மையும் தீமையும் யாவை என்பன அறியத்தக்கன.

பாறையைக் கட்டடத்துள் கொண்டுவரும் எண்ணம் புதியதன்று. 1964 ஆம் ஆண்டில், இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் உடற்பயிற்சி விரிவுரையாளராக இருந்த டொன் றொபின்சன் என்பவர், ஒரு நடைபாதையின் செங்கற் சுவரிலே கற்றுண்டுகளைப் பதித்து ஏறுசுவர் ஒன்றை அமைத்தார். குளிர்காலம் முழுவதும் பாறையைத் தொடாது இருந்துவிட்டு, வசந்தம் வந்ததும் மலைக்குச் செல்லும் மாணவர்க்கு அச்சுவர் பெரிதும் உதவிற்று. அழகோ உயரமோ அதற்கு இல்லை. ஆனால், கை பழக்கத்தை இழக்காதிருக்க மலை வேண்டியதில்லை, சுவரே போதும் என்னும் உண்மையை அது நிலைநாட்டியது.

அடுத்த படி ஜேர்மனியிலே நிகழ்ந்தது. வொல்ப்காங் கூலிக் என்னும் பாறையேறி, 1988 ஆம் ஆண்டளவில், நூரெம்பேர்க் நகரிலுள்ள ‘கம்பஸ்’ என்னும் உடற்பயிற்சி நிலையத்தில், முன்னோக்கிச் சாய்ந்த பலகை ஒன்றிலே ஏணிப்படிகள் போல மெல்லிய மரச்சட்டங்களை அறைந்தார். காலைப் பயன்படுத்தாது, கைகளை மட்டுமே கொண்டு, ஒரு சட்டத்திலிருந்து அடுத்த சட்டத்துக்குத் தாவிப் பற்றுவதே அவர் வகுத்த பயிற்சி. அந்நிலையத்தின் பெயராலே அப்பலகை இன்றும் ‘கம்பஸ் பலகை’ என வழங்குகின்றது. பிராங்கன்யூரா என்னும் சுண்ணக்கற் பிரதேசத்தில், ஒரு விரலும் இரு விரலுமே நுழையத்தக்க சிறு குழிகளையுடைய சாய்பாறை ஒன்றைக் குறியாகக் கொண்டு அவர் பயின்றார். 1991 ஆம் ஆண்டில் அதனை ஏறி முடித்தார். ‘அக்சியோன் டிரெக்ட்’ எனப் பெயர்பெற்ற அவ்வழியே, பிரெஞ்சுத் தரவரிசையில் ‘9ஏ’ என்னும் நிலையை அடைந்த முதல் வழியாகப் போற்றப்படுகின்றது. அதற்கு மறு ஆண்டிலேயே, மோட்டார் விபத்தொன்றில் கூலிக் உயிர்நீத்தார்.

இதே காலத்தில் இங்கிலாந்தின் ஷெபீல்ட் நகரிலும் பலகைகள் பெருகின. உருக்குத் தொழிலாற் பெயர்பெற்ற அந்நகரம் பீக் பிரதேசத்துப் பாறைகளுக்கு அண்மையில் உள்ளது. ஆனால் மழை நாள்களில் அப்பாறைகள் நனைந்து கிடக்கும். ஆகவே, அங்கு வாழ்ந்த பாறையேறிகள் தம் வாடகை வீடுகளின் நிலவறைகளிலே பலகைகளைச் சாய்த்து, கையிற் கிடைத்த மரத்துண்டுகளை அவற்றில் அறைந்து பயின்றனர். அவ்வாறு பயின்றோருள் ஒருவரே, 1990 ஆம் ஆண்டில் ‘ஹபிள்’ என்னும் கடும் வழியை ஏறிய பென் மூன் ஆவார். அவர் பிற்காலத்தில் தம் பலகையின் அமைப்பை உலகெங்கும் ஒரே அளவினதாக்கி, ‘மூன்போர்ட்’ என்னும் பெயரில் வழங்கினார். செங்குத்திலிருந்து 40 பாகை சாய்வு. 20 சென்ரிமீற்றருக்கு ஒரு துளை. குறுக்கே 11 நிரை, மேலே 18 நிரை. ஒவ்வொரு பிடிக்கும் நிலையான இடம், நிலையான திசை. இவ்வொழுங்கினால், ஷெபீல்ட் நகரில் ஒருவர் வகுத்த ஏற்றத்தை வேறொரு கண்டத்தில் வேறொருவர் அதே அளவில் முயன்று பார்க்கலாம்.

இங்குதான் ஏறுபலகையின் உண்மையான பயன் வெளிப்படுகின்றது. பாறை நாளுக்கு நாள் மாறும். வெயிலிற் கைவியர்வையால் வழுக்கும், மழையில் நனையும், பலர் கைப்பட்டு மெருகேறும். பலகையோ மாறுவதில்லை. அதே கோணம், அதே பிடி, அதே தூரம். நேற்று எட்டாத பிடி இன்று எட்டுமாயின், மாறியது ஏறுபவரே என்பது திண்ணம். நேற்று எட்டிய பிடி இன்று எட்டாதாயின், உடல் களைத்திருக்கின்றது என்பதும் அவ்வாறே திண்ணம். எனவே, பலகையை வெறும் உடற்பயிற்சிக் கருவியாகக் கருதுவது போதாது. அஃது ஓர் அளவுகோலுமாகும். அளவுகோல் அசைந்தால் அளவு பிழைக்கும். அமைப்பதிற் காட்டும் கவனம் அனைத்தும் இதன் பொருட்டே.

பலகையை அமைக்கும் முன், அதன் பாரம் எங்கே சென்று தாக்குகின்றது என்பதை அறிதல் வேண்டும். பனையேறும் தொழிலாளி தன் உடலின் பாரத்தைக் கைகளிலும் மார்பிலும் கால்களிலும் தளைநாரிலும் பங்கிட்டுக்கொள்கிறார். சாய்பலகையில் ஏறுபவருக்கோ அப்பாரத்தின் பெரும்பகுதி விரல் நுனிகளில் வந்து விழுகின்றது. விரலை மடக்கும் முதன்மையான தசைகள் விரலில் இல்லை, முன்கையில் உள்ளன. அங்கிருந்து புறப்படும் தசைநாண்கள், கயிறுபோல உள்ளங்கையைக் கடந்து விரலெலும்புகளைப் பற்றுகின்றன. அக்கயிறு எலும்பைவிட்டு விலகாதபடி, உறுதியான வளையங்கள் சில அதனை எலும்போடு அணைத்து நிற்கின்றன. தூண்டிற் கோலின் வளையங்களுள் நூல் செல்வது போலத் தசைநாண் இவ்வளையங்களுள் சென்று மீள்கின்றது. மருத்துவர் இவற்றைக் ‘கப்பிகள்’ என்பர்.

சிறு விளிம்பொன்றைப் பற்றும்போது, ஏறுபவர் விரலின் நடுமூட்டைக் கூர்மையாக மடக்கி, நுனிமூட்டைப் பின்புறமாக வளைப்பதுண்டு. இப்பிடி வலிமை மிக்கது. ஆனால், அடிவிரலெலும்பின் மேலுள்ள கப்பி, விரல்நுனி தாங்கும் விசையிலும் பன்மடங்கு விசையைத் தாங்க நேரிடும். மோதிர விரலிலே இக்கப்பி அறுவது பாறையேறிகளுக்கு மிகுதியாக நேரும் காயங்களுள் ஒன்று. சில வேளைகளில், சுள்ளி முறிவது போன்ற ஓசை அருகில் நிற்போர்க்கும் கேட்கும். அதன்பின் பல வாரங்கள், சில வேளை பல மாதங்கள், ஏற்றம் இல்லை.

இதில் ஓர் இடர் மறைந்துள்ளது. பயிற்சியினாலே தசை சில வாரங்களில் வலிமை பெறத் தொடங்கும். தசைநாணும் கப்பியும் வலிமை பெறுவதற்கு மாதங்கள், ஆண்டுகள் ஆகும். இழுக்கும் மாடு வலுத்துவிட்டது, கட்டிய கயிறு பழையதே என்னும் நிலை இடைக்காலத்தில் உண்டாகின்றது. புதிதாகப் பலகை அமைத்தவர், முதல் இரண்டு மூன்று மாதங்களில் வியக்கத்தக்க முன்னேற்றங்கண்டு, அந்த உற்சாகத்திலேயே விரலை முறித்துக்கொள்வதற்குக் காரணம் இதுவே.

இனி, அமைக்கும் முறையைப் பார்க்கலாம். முதலில் துணிய வேண்டியது கோணம். எட்டடிப் பலகை, அதாவது 2.44 மீற்றர் நீளமுள்ளது, செங்குத்திலிருந்து 40 பாகை சாய்க்கப்படின், அதன் உச்சி 1.87 மீற்றர் உயரத்தில் நிற்கும், அடியிலிருந்து 1.57 மீற்றர் முன்னே நீண்டிருக்கும். 30 பாகை சாய்ப்பின் உயரம் 2.11 மீற்றர், நீட்சி 1.22 மீற்றர். 20 பாகையாயின் உயரம் 2.29 மீற்றர், நீட்சி 0.83 மீற்றர். சாய்வு மிகுந்தால் அறையின் உயரம் குறைவாகவே வேண்டும். ஆனால் விரலுக்கு வரும் பாரமும், தரையிற் பிடிக்கும் இடமும் மிகும். பழகியோர் 40 பாகையை விரும்புவர். தொடங்குவோர்க்கு 20 முதல் 30 பாகை வரை போதும். இடமும் பொருளும் உள்ளோர், கீல் வைத்துக் கோணத்தை மாற்றத்தக்க பலகை அமைப்பதும் உண்டு. பலகையின் அடியில் 30 சென்ரிமீற்றர் உயரமான செங்குத்துப் பலகை ஒன்று வேண்டும். தரையிலிருந்து ஏற்றத்தைத் தொடங்கும்போது கால் வைப்பதற்கு அதுவே இடம்.

பலகைக்கு 18 மில்லிமீற்றர் கனமுள்ள ஒட்டுப்பலகையே ஏற்றது. மெல்லிய பலகை வளையும். வளைந்தால் பிடிகள் அசையும். 1.22 மீற்றர் அகலமும் 2.44 மீற்றர் நீளமும் உள்ள தகடுகள் இரண்டைப் பக்கம் பக்கமாகச் சேர்த்தால், சதுரமான ஓர் ஏறுதளம் கிடைக்கும். ஒரு தகடு மட்டுமே 35 கிலோகிராம் அளவு நிறையுடையது. ஆகவே, அதனைத் தனியே தூக்கி நிறுத்த முயலுதல் தகாது. தகட்டைத் தாங்குவதற்கு, 5 சென்ரிமீற்றர் கனமும் 15 சென்ரிமீற்றர் அகலமும் உள்ள மரச்சட்டங்கள், ஏறத்தாழ 40 சென்ரிமீற்றருக்கு ஒன்றாக நீளவாட்டில் நிற்க வேண்டும். இரு தகடுகள் சந்திக்கும் இடம் கட்டாயமாக ஒரு சட்டத்தின்மேல் அமைய வேண்டும்.

துளைகளை இடுவது பொறுமையைச் சோதிக்கும் வேலை. தகட்டின் பக்க ஓரத்திலிருந்து 11 சென்ரிமீற்றர் தள்ளி முதல் நிரையைத் தொடங்கி, 20 சென்ரிமீற்றருக்கு ஒன்றாகக் கோடு கீறினால், குறுக்கே ஆறு நிரைகள் அமையும். மேலிருந்து 12 சென்ரிமீற்றர் தள்ளித் தொடங்கினால் நீளத்தில் பன்னிரண்டு நிரைகள். ஆகத் தகடொன்றுக்கு 72 துளைகள், இரண்டுக்கும் 144. இவ்வளவின் சிறப்பு யாதெனின், சட்டங்கள் இரு துளை நிரைகளின் நடுவே விழும். ஒரு துளையும் சட்டத்தின்மேல் விழாது. இதனைக் கணக்கிடாமல் துளைத்தவர், பாதித் துளைகளின் பின்னே மரம் அடைத்து நிற்பதைப் பலகை ஏறிய பின்னரே காண்பர்.

ஒவ்வொரு துளையிலும், ‘டீ-நட்’ என்று கடைகளிற் கேட்டு வாங்கப்படும் பல்வைத்த சுரை ஒன்று பலகையின் பின்புறத்திலிருந்து அறையப்படும். முன்புறத்திலிருந்து 10 மில்லிமீற்றர் மரையாணியைப் பிடியினூடாகச் செலுத்தி முறுக்கும்போது, சுரை முன்னோக்கி இழுக்கப்பட்டு, பற்கள் மரத்தில் மேலும் ஆழமாகப் பதியும். சுரையை முன்புறத்தில் அறைந்தால், மரையாணி அதனைப் பிடுங்கிவிடும். துளை சுரையின் கழுத்தளவே இருத்தல் வேண்டும். பெரும்பாலும் 12 மில்லிமீற்றர் போதுமாயினும், வாங்கிய சுரையை அளந்து, கழிவுப் பலகைத் துண்டொன்றில் முதலிற் சோதித்துக்கொள்வது நன்று. துளைப்பான் வெளியேறும் பக்கத்திலே மரம் சிராய்த்துப் பிளக்குமாதலால், கை படும் முன்பக்கத்திலிருந்தே துளைக்க வேண்டும். சுரைகள் யாவும் பலகையை நிறுத்துமுன்னரே அறையப்பட வேண்டும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை; நிறுத்திய பின் பின்புறத்தைக் கை எட்டாது.

நிறுத்தும் முறையிலேயே உயிர்ப்பாதுகாப்பு அடங்கியுள்ளது. பலகை, சட்டம், பிடிகள் யாவும் சேர்ந்து ஒன்றரை நூறு கிலோகிராமையும் எட்டலாம். அதன்மேல் ஓர் ஆள் தாவுகின்றார். 70 கிலோகிராம் நிறையுள்ளவர் தாவிப் பிடித்து ஊசலாடும்போது, பலகையை இழுக்கும் விசை அவருடைய நிறையிலும் மிக்கதாகும். அது கீழ்நோக்கி மாத்திரம் இழுப்பதில்லை. சுவரிலிருந்து பிடுங்கவும் முயல்கின்றது. எனவே, காரைப்பூச்சிலோ கூரைத் தகட்டிலோ எதனையும் மாட்டக் கூடாது. உச்சித் தீராந்தி, கொங்கிறீற்று வளையிலோ வீட்டின் உறுதியான மரத் தீராந்திகளிலோ ஊடுசெல்லும் மரையாணிகளால் இணைக்கப்பட வேண்டும். வாடகை வீட்டில் வாழ்வோர், சுவரைத் தொடாது தன் கால்களிலே தானே நிற்கும் மரச்சட்டகம் அமைப்பர். அதற்கு மூலைவிட்டமாகச் செல்லும் தாங்குகட்டைகள் இன்றியமையாதன. அவை இல்லாத சட்டகம் பக்கவாட்டில் நெளிந்து, ஒரு நாள் மடியும். ஐயமுள்ளவிடத்து, கட்டட வேலை அறிந்த ஒருவரை அழைத்துக் காட்டுவதே அறிவுடைமை.

பிடிகள் இருவகைப்படும். வார்க்கப்பட்ட செயற்கைப் பிசின் பிடிகள் கடைகளிற் கிடைக்கும். அவை பலவடிவின, ஆயின் சொரசொரப்பினால் விரல்தோலை விரைவில் உரிப்பன. மரப்பிடிகளை வீட்டிலேயே செய்யலாம். வன்மரத் துண்டொன்றை 20 மில்லிமீற்றர் ஆழமுள்ள விளிம்பாக அறுத்து, கூர்முனையை அரத்தாலும் மணற்றாளாலும் உருட்டி மழுக்கினால் போதும். மழுக்காத முனை விரல்மடிப்பை அறுக்கும். மரத்தில் வர்ணமோ மெருகெண்ணெயோ பூசாமல் விடுவது நல்லது, பூசினால் வழுக்கும். கைவியர்வையை உலர்த்தும் மக்னீசியங் காபனேற்று வெண்பொடி, முதலில் உடற்பயிற்சி வித்தகர் கையாண்டது. 1950 களில் அமெரிக்கப் பாறையேறி ஜோன் கில் அதனைப் பாறைக்குக் கொண்டுவந்தார். பிடிகளிற் படியும் பொடியைத் தூரிகையாற் துடைத்து வைப்பதும் பயிற்சியின் ஒரு பகுதியே. ஒவ்வொரு மாதமும் மரையாணிகளை முறுக்கிப் பார்ப்பதும் அவ்வாறே.

சாய்பலகையிலிருந்து விழுபவர் எப்போதும் காலில் விழுவதில்லை, முதுகிலும் விழுவர். ஆகவே, பலகையின் நிழல் படும் இடம் முழுவதிலும், அதற்கு அப்பாலும், தடித்த மெத்தை விரிக்கப்பட வேண்டும். இரு மெத்தைகளுக்கு இடையிலுள்ள பிளவு கணுக்காலை முறிக்கும். அதனைத் துணியுறையால் மூடுதல் வேண்டும். விழும் இடத்தில் நாற்காலியோ மிதிவண்டியோ விளையாடும் குழந்தையோ இருத்தலாகாது.

பலகை நின்றது. இனி அதனைக் கையாள்வது எங்ஙனம்? வீட்டிலேயே இருப்பது பலகையின் பெருநன்மை. அதுவே அதன் பெருந்தீங்கும் ஆகும். மலைக்குச் செல்பவர் மாலையானதும் திரும்பியே ஆக வேண்டும். மழை வந்தால் நிறுத்தியே ஆக வேண்டும். வீட்டுப் பலகையோ எந்நேரமும் அழைத்துக்கொண்டேயிருக்கும். நிறுத்தச் சொல்ல வெயிலும் இல்லை, மழையும் இல்லை. ஆகவே, இயற்கை விதித்த எல்லையை ஏறுபவர் தமக்குத் தாமே விதித்துக்கொள்ளல் வேண்டும்.

அனுபவம் வாய்ந்தோர் கொள்ளும் ஒழுங்கு எளிது. முதலில் கால்மணி நேரத்துக்குக் குறையாமல், பெரிய பிடிகளிலே உடலைச் சூடாக்குவர். கடினமான முயற்சி ஒவ்வொன்றுக்கும் பின் மூன்று முதல் ஐந்து நிமிடம் ஓய்வு கொள்வர். வலிமை குன்றத் தொடங்கியவுடன் நிறுத்துவர். களைத்த விரலே முறியும் விரல். ஒரு நாள் கடும்பயிற்சி செய்தால், அடுத்த நாள் பலகையைத் தொடுவதில்லை. விரலின் அடியை அழுத்தும்போது நோவு இருந்தால், அந்நோவு நீங்கும்வரை சிறு பிடிகளை நாடார். கால்களை விட்டுவிட்டுக் கைகளால் மட்டுமே தாவும் கம்பஸ் பயிற்சியை, பல ஆண்டுகள் ஏறிப் பழகிய பின்னரே மேற்கொள்வர்.

இளையோர் திறத்தில் எச்சரிக்கை இருமடங்காதல் வேண்டும். வளரும் பருவத்தில், விரலெலும்பின் முனையருகே கசியிழையத்தாலான வளர்தட்டு ஒன்று உண்டு. எலும்பு நீள்வது அதனாலேயே. வயது வந்தவரிடத்திற் கப்பி அறும் அதே விசை, சிறுவரிடத்தில் இவ்வளர்தட்டை முறிக்கின்றது. ஏனெனில், அவர் விரலில் வலுக்குறைந்த இடம் அதுவே. பெரும்பாலும் நடுவிரலின் நடுமூட்டில், பதின்மூன்று முதல் பதினாறு வயதளவில் இது காணப்படும். ஒரே நாளில் ஓசையோடு வருவதன்று. சிறிது சிறிதாக வளரும் நோவாகவே வரும். ஆதலால் சிறுவர் அதனை மறைத்து ஏறிக்கொண்டேயிருப்பர். உரிய காலத்தில் ஓய்வு கொடுத்தால் பெரும்பாலும் முற்றாக ஆறும்; புறக்கணித்தால் விரல் என்றென்றைக்கும் கோணலாகலாம். எனவே, வளரும் பிள்ளைகள் கம்பஸ் பயிற்சியை விட்டு விலகியிருக்க வேண்டும் என்பதும், விரல்மூட்டு நோவெடுத்த பிள்ளையை உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்பதும் இத்துறை மருத்துவர்களின் அறிவுரை. 2021 ஆம் ஆண்டில் நடைபெற்ற டோக்கியோ ஒலிம்பிக் விழாவிலே பாறையேற்றம் முதன்முறையாக ஒரு போட்டியாக இடம்பெற்றது. பதக்க ஆசை சிறு வயதினரையும் இப்பலகைகளின் முன் நிறுத்தும் இந்நாளில், பெற்றோரும் பயிற்றுநரும் இவ்வறிவுரையைப் பொருட்படுத்துதல் மிகவும் அவசியமாகின்றது.

பதறாத காரியம் சிதறாது என்பது பழமொழி. பலகையைச் செய்யும் தச்சுக்கும், அதில் ஏறும் விரலுக்கும் அஃது ஒருங்கே பொருந்தும். ஆகவே, பலகைக்குரிய பொருள்களை வாங்குபவர், மரமும் சுரையும் மரையாணியும் மெத்தையும் வாங்கியதோடு அமையாது, ஒரு சிறு குறிப்பேட்டையும் வாங்கிப் பலகையின் அருகே தொங்கவிடுதல் நன்று. எந்நாளில் ஏறியது, எத்தனை முயற்சி, எவ்விரலில் நோவு, எந்நாளில் ஓய்வு என்று அதில் எழுதிவர வேண்டும். மாறாத பலகைக்குப் பக்கத்தில், மெல்ல மெல்ல மாறிவரும் உடலின் கணக்கு அங்கே நிற்கும். இன்னும் ஒரு முயற்சி செய்யலாமா, வேண்டாமா என்னும் ஐயம் எழும்போது, உற்சாகத்தைக் கேளாது அவ்வேட்டைப் பார்த்து முடிவு செய்பவர், பல்லாண்டு காலம் பாறை ஏறுவர்.